ஆம்பூரில் மூக்கால் வீடு தேடினோம்

நான் ஆம்பூரில் இறங்குவதற்கு முன்பே ஆம்பூர் என் பெட்டியில் ஏறிவிட்டது. ரயில் இன்னும் நிற்கவில்லை. டிக்கெட் வாங்காத பிரயாணி மாதிரி ஒரு நாற்றம் ஜன்னல் வழியாக நுழைந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. சுண்ணாம்பு, ஊறின தோல், மரப்பட்டைச் சாறு, அப்புறம் பெயர் தெரியாத நாலைந்து சங்கதிகள். எதிர் ஆசனத்து அம்மாள் நிதானமாக முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். ரயில் நின்றதும் நான் பிளாட்பாரக் கோடிக்கு ஓடி, ஒரு புங்கமரத்தின் மறைவில், காலையில் உள்ளே போன இட்லி அத்தனையையும் திருப்பிக் கொடுத்தேன்.

என்னை அழைத்துப் போக வந்தவர் ஓடி வந்து முதுகைத் தடவினார்.

"இன்னா சார், ரயில் ஆட்டமா?"

"ஆமாம். ரயில் ஆட்டம்."

கொழும்பிலிருந்து கடல் தாண்டி வந்தவன் நான். கப்பலில் பாதிப் பேர் படுத்துக்கிடந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு சுருட்டுப் பிடித்தவன். ரயிலின் மேல் பழி போட்டேன். ரயில் எதிர்த்துப் பேசாது.

கொழும்பு புறக்கோட்டையில் என் அப்பாவுக்குச் செருப்புக் கடை. பி.ஏ. முடித்த பிள்ளை, கடைக்குத் தோல் வருகிற ஊரைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினார். அது ஊருக்குச் சொன்ன காரணம். எனக்குச் சொன்னது வேறு. "பத்து நாள் தோல் ஷாப்புக் காத்துல நின்னுட்டு வா. உன் தொட்டாச்சிணுங்கித்தனம் அத்தனையும் உதிர்ந்துடும்."

தொட்டாச்சிணுங்கி என்பது வீட்டில் எனக்கு இட்ட பெயர். டிராம் வண்டி மணி அடித்தால் எனக்குப் பல் கூசும். கஞ்சி போட்ட காலர் கழுத்தில் முள்ளாகக் குத்தும். கடைக்கு வருகிறவர் ஏதோ துக்கத்தில் இருந்தால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி விலைக்குக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இதையெல்லாம் மறைப்பதற்காகத்தான் காலேஜில் வாய்ச்சவடால் பழகினேன். கிரிக்கெட்டில் கத்துவது, வாத்தியாரை மடக்குவது, சுருட்டு. சுருட்டு நாற்றமும் எனக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

புங்கமரத்தடியில் முதுகு தடவியவர் ஏகாம்பரம் மேஸ்திரி. நான் தங்கப் போகிற கரீம் சாயபுவின் தோல் ஷாப்பில் (தோல் பதனிடுகிற இடத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர்) இருபது வருஷமாக மேஸ்திரி. சாயபு, என் கொழும்புச் சிநேகிதன் அன்வரின் தாய்மாமன். அன்வர் முன்கூட்டியே அவருக்குக் கடிதம் போட்டிருந்தான்.

அன்று மத்தியானம் சாயபு வீட்டில் பிரியாணி. அதைப் பற்றி நான் அடக்கமாக எழுதினால் பாவம். சீரகச் சம்பா அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. பக்கத்தில் புளியும் எள்ளும் போட்ட கத்திரிக்காய். கொழும்பில் எங்கள் தெருச் சாப்பாட்டுக் கடையில் பிரியாணி என்று போடுவது மஞ்சள் சோறு. இனி அந்தக் கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். காலையில் காலியான வயிறு, இரண்டு தடவை வாங்கிக்கொண்டது.

கை கழுவப் போகும்போது உள்ளே சாயபு மேஸ்திரியிடம் பேசுவது காதில் விழுந்தது. "அன்வர் எழுதியிருக்கான். தோஸ்த் ரொம்ப நாசூக்காம். பாத்து நடந்துக்கோ."

கதவோரம் நின்று அதை இன்னொரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நாசூக்கு! ஒருவர் மனமும் கோணாமல் பேசிக் காரியம் முடிக்கிறவனைத்தானே நாசூக்கானவன் என்போம்? இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாக என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை, அதுவும் கடல் தாண்டி வந்து கேட்க வேண்டியிருந்தது. மீசையை லேசாகத் தடவிக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. தோல் ஷாப்பு. ஓடிகொலோன் சென்ட் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். சுண்ணாம்புத் தொட்டி, பட்டைத் தொட்டி, கொடியில் தொங்கும் தோல்கள். ஆட்கள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, தோலைப் புரட்டிப் போட்டார்கள். எனக்குக் கால்மணி நேரம் தாங்கியது. அப்புறம் பட்டைக் குவியலுக்குப் பின்னால் போய் இரண்டாவது தடவை.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது கிணற்றடியில் ஒருவனைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது கூடுதல். பதனிட்ட தோல்களை வெளிச்சத்தில் விரித்து, கட்டைவிரலால் தடவி ரகம் பிரிக்கிற துரைசாமி அவன். சாப்பாட்டு நேரம். எல்லோரும் தூக்கைத் திறந்துவிட்டார்கள். அவன் மட்டும் சீயக்காயும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்தான். முகர்ந்தான். மறுபடி தேய்த்தான். மறுபடி முகர்ந்தான். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் தெரியாது. எனக்குக் காரணம் எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

மேஸ்திரி என்னைத் தனியாக அழைத்தார். துரைசாமி அவருடைய அண்ணன் மகனாம். குடியாத்தத்து நெசவுக் குடும்பம்; தறியில் வரும்படி கம்மி என்று இவர்தான் தோல் ஷாப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார். நாலு மாசத்துக்கு முன்பு அதே ஊரில் முறைப்பெண் அமிர்தத்தைக் கட்டிவைத்து, தோல் ஷாப்பை ஒட்டின தன் வீட்டிலேயே குடி வைத்திருக்கிறார். பெண் இப்போது தாய்வீட்டில்.

"நாத்தம் தாங்கலையாம்" என்றார் மேஸ்திரி. "கேட்டீங்களா கதைய? நாங்கள்லாம் மூக்க அடகு வெச்சிட்டா குடித்தனம் பண்றோம்? எங்க அண்ணி போய்க் கத்தினாங்க, நான் போய்க் கத்தினேன். வாயே தொறக்கல. வெள்ளிக்கிழமை குடியாத்தத்துல நாட்டாண்மை உக்கார்றாங்க. அன்னைக்கும் வரலேன்னா அத்துவிட்டுடுவாங்க."

"அதற்கு நான்..."

"நீங்க நாசூக்கானவராம். முதலாளியே சொன்னாரு. படிச்சவரு, வெளியூரு. ஒரு வார்த்தை பதவிசா பேசிப் பாருங்க சார். பையன் சோறு துன்னு பத்து நாள் ஆவுது."

அந்த வார்த்தைக்காகவே சரி என்றேன். புகழ்ச்சிக்கு இவ்வளவு பசியா ஒருவனுக்கு!

செவ்வாய்க்கிழமை பஸ். பஸ் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு சக்கரம் வைத்த கோழிக்கூண்டு. பாலாறு என்று பெரிதாகச் சொன்னார்கள். எங்கள் களனி ஆற்றை நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், அரை மைல் அகலத்துக்கு மணல். ஆற்றின் நடுவே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நடந்து போகிறார். அங்கங்கே பெண்கள் மணலைத் தோண்டி, ஊறுகிற நீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒரு வாய் வாங்கிக் குடித்தேன். இளநீர் தோற்றது.

குடிக்க நேரம் கிடைத்தது எப்படி என்றால், பஸ் மணலில் புதைந்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இரண்டு கிழவர்கள் மட்டும் இறங்காமல் உருதுவில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "நாம இறங்கினா பஸ் லேசாயிடும், அப்புறம் காத்துல பறந்துடும்னு பெரியவர் கவலைப்படறாரு" என்றார், மூச்சு வாங்க.

குடியாத்தம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு, குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து, டக்கடக், டக்கடக். நூறு தச்சர்கள் என் மண்டைக்குள் பெட்டி செய்கிற மாதிரி இருந்தது. அமிர்தத்தின் வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு வலது கண் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயசு இருக்கும். அம்மாதான் பேசினாள். "ஆம்பூர்லேர்ந்தா? வந்தவங்க எல்லாம் புத்தி சொல்லிட்டுப் போய்ட்டாங்க. நீங்க ஒரு பங்கு சொல்லிட்டுப் போங்க."

காலேஜ் விவாத மேடையில் பரிசு வாங்கினவன் நான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தாம்பத்தியத்தின் மேன்மை பற்றிப் பஸ்ஸில் தயாரித்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் ஆயிருக்கும்.

"அண்ணா" என்றாள் அமிர்தம், தலை நிமிராமல். "உங்க கைக்குட்டைய வாசல்ல வெச்சிட்டு வர்றீங்களா? தலைய நோவுது."

அம்மா பதறினாள். "ஏய், வந்தவங்க கிட்ட இன்னா பேச்சு இது!"

நான் எழுந்து போய்க் கைக்குட்டையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பிரசங்கமும் அதோடு போய்விட்டது. "அந்தக் கைக்குட்டை எனக்கே தலைவலிதான்" என்றேன். "தோல் நாத்தத்துக்கு அது தேவலை என்று வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் இறங்கியதும் வாந்தி எடுத்தேன். ரயில் ஆட்டம் என்று பொய் சொன்னேன்."

ராட்டை நின்றது. "எத்தினி வாட்டி?"

"இதுவரைக்கும் மூன்று. இன்று காலையோடு."

"நான் மொத நாளே அஞ்சு" என்றாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில் தெரிந்தது.

அப்புறம் பேச்சு தானாக வந்தது. கல்யாணமாகிப் போன புதிதில் தினம் வாந்தி. மேஸ்திரி வீட்டில் பெண்கள் கூடிப் பேசி, மாசமாக இருக்கிறாள் என்று முடிவு கட்டி, தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டார்கள். "இல்லேன்னு நான் சொன்னா வெக்கப்படறேன்னு சிரிச்சாங்க. அப்புறம் இல்லேன்னு அவங்களுக்கே தெரிஞ்சது. அன்னையிலேர்ந்து நான் பொய்க்காரி. வாந்தியும் பொய்யாம், மூக்கும் பொய்யாம்."

"அதனால்தான் வந்துவிட்டாயாம்மா?"

"அத்தோட இருந்திருப்பேன்." நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். தறிச் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. நான் பக்கத்தில் குனிந்தேன். "அவரு வேலை முடிச்சி வருவாரு. நல்லாக் குளிச்சிட்டுத்தான் வருவாரு. அப்பவும் எனக்குத் தெரிஞ்சிடும். வேணும்னு செய்யலண்ணா, கால் தானா ஒரு அடி பின்னால போய்டும். அத அவரு பாப்பாரு. மூஞ்சி அப்படியே செத்துப் போய்டும். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நாத்தத்தப் பொறுத்துக்கிட்டேன். அந்த மூஞ்சியத் தெனமும் பாக்க முடியல. நான் இல்லேன்னா அவரு அப்படி ஆவ மாட்டாருன்னு வந்துட்டேன்."

கிணற்றடி முதுகின் காரணம் எனக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. அழுதுவிட்டேன். மறைக்கக் கைக்குட்டையும் இல்லை, வாசலில் இருந்தது. அமிர்தத்தின் அம்மா பயந்து போய் ஒரு தட்டில் களியும் புளிச்சக் கீரையும் வைத்துக்கொடுத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டதில் நன்றாகவே இருந்தது. கேழ்வரகுக் களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டேன்.

"தோல் ஷாப்புக் காத்து வராத இடத்தில் வீடு பார்த்தால் வருவாயா?"

"நானே வந்து மோந்து பாத்துதான் சொல்லுவேன்" என்றாள்.

புதன்கிழமை தோல் ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் துரைசாமியைக் கிணற்றடியில் பிடித்தேன். வீடு மாற்றுவது பற்றி ஆரம்பித்ததும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் பேசாதவன் எல்லோர் எதிரிலும் பேசினான்.

"வீடு மாத்தினா சரியாய்டுமா சார்? மூக்கு ஒரு சாக்கு. அவளுக்குப் பிடிக்காதது வாசனை இல்ல. நான்தான்."

மேஸ்திரி சேர்ந்துகொண்டார். "அதச் சொல்லு. இத்தினி பேருக்கு இல்லாத மூக்கு அவளுக்கு மட்டும் இன்னா?"

"எனக்கும் இருக்கிறது" என்றேன்.

தூக்குகளின் சத்தம் நின்றது. அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. இந்த இடத்தில் நான் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு ஏதாவது ஜோக் அடித்திருக்க வேண்டும். காலேஜ் நாள் பழக்கம் அது. அடிக்கவில்லை. "வந்த நாள் முதல் வாந்தி எடுக்கிறேன். ஜலதோஷம் இல்லை, ரயில் ஆட்டம் இல்லை. பட்டைக் குவியலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். எனக்கு நாற்றம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்தில் ஒருவர் மனசு ஒடிந்தால் எனக்குச் சோறு இறங்காது. பிறந்ததிலிருந்து இப்படித்தான். பொய் இல்லை. அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை."

அப்புறம் தொட்டியோரத்திலிருந்து ஒருவர்: "ஏம்பா, கொழும்புல மூக்க மட்டும் ஸ்பெஷலா செய்யறாங்களா?" கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் ஒன்றும் ஆகாது என்பது எவ்வளவு காலம் கழித்துத் தெரிகிறது!

சத்தம் கேட்டுக் கரீம் சாயபு வந்தார். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! மேஸ்திரி, இவரையா குடியாத்தம் அனுப்பின? பஸ்ல, வெயில்ல? நாஜுக்னு சொன்னேனே!"

"நாசூக்குன்னு சொன்னதாலதான் முதலாளி அனுப்பினேன்."

"நாஜுக்னா உடம்பும் மனசும் மென்மைன்னு அர்த்தம்யா! கண்ணாடிச் சாமான் மாதிரி. கூர்மையா ஒண்ணு பட்டா தாங்காது. அதான் பாத்து நடந்துக்கோன்னேன். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் விடாதேன்னு அர்த்தம்!"

"எங்க பக்கம் நாசூக்குன்னா பதவிசாப் பேசறவருன்னு அர்த்தம்" என்றார் மேஸ்திரி, பரிதாபமாக.

ஆக, அந்த நல்ல வார்த்தையும் போயிற்று. தொட்டாச்சிணுங்கிதான் உருதுவில் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்து சாயபு தோளில் தட்டினார். "இன்னா தம்பி வாட்டம்? எங்க ஆளுங்க இதைத் திட்டாச் சொல்றதில்ல. எங்க அப்பா நாஜுக்தான். அத்தர் ஒரு சொட்டு ஜாஸ்தியானா தலைவலி வந்துடும். இந்த ஷாப்ப அவர்தான் ஆரம்பிச்சாரு. ஆளுங்க மூஞ்சியப் பாத்தே யார் வீட்டுல அடுப்பு எரியலன்னு சொல்லுவாரு. போய்ப் பேசினியே, பொண்ணு பேசினாளா?"

"பேசினாள்."

"அப்புறம் இன்னா? ரெண்டு அர்த்தமும் ஒண்ணுதான்."

நான் துரைசாமியின் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, அமிர்தம் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். கால் தானாகப் பின்னால் போவதை. அவன் முகத்தைப் பார்க்க முடியாததை. அவனுக்காகவே வந்துவிட்டதை. அவன் கிணற்றுப் பக்கம் திரும்பி ஒரு வாளி நீர் இறைத்தான். யாருக்கும் தேவைப்படவில்லை அந்த நீர். கொட்டிவிட்டு இன்னொரு வாளி இறைத்தான்.

"சித்தப்பா" என்றான் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டே, "நான் வீடு பாக்கப் போறேன்."

மேஸ்திரிக்குத் தனிக்குடித்தனம் என்ற வார்த்தையே பேஜார். ரொம்ப நேரம் முணுமுணுத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவ ஒரு வீட்டுக்குச் சரின்னு சொல்லட்டும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை நாட்டாண்மை சொல்றதுதான்."

அன்று சாயந்தரமே குடியாத்தத்துக்கு ஆள் போயிற்று. வியாழக்கிழமை காலை ரயிலில் அமிர்தமும் அம்மாவும் வந்தார்கள். இறங்கியதும் அமிர்தம் நேராகப் புங்கமரத்தை நோக்கி நடந்தாள். நான் திரும்பி நின்றுகொண்டேன். "இன்னைக்கு ஒண்ணுதான்" என்றாள் வந்து. துரைசாமி நாலடி தள்ளியே நின்றான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

முதல் வீடு கடைத்தெரு ஓரம். நான் முற்றத்தில் நின்று மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. "இதுவே சரி" என்று தீர்ப்புச் சொன்னேன். அமிர்தம் என்னைப் பார்த்த பார்வையில் என் பி.ஏ. பட்டம் சுருங்கிவிட்டது.

"இன்னைக்குக் காத்து மேக்கால அடிக்குதுண்ணா. ஐப்பசியில திரும்புமே? காத்தக் கேட்டா பொய் சொல்லும். கதவு வருஷம் பூரா இங்கேயே நிக்குது. கதவக் கேக்கணும்."

சொல்லிவிட்டு வாசல் கதவின் பின்பக்கம் போய், மரத்தில் மூக்கை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் இடம் விட்டாள். உண்மைதான். எண்ணெயும் தூசியும் கடந்து, அடியில், பழைய மர நரம்புக்குள், ஸ்டேஷனில் என்னைக் கவிழ்த்த, டிக்கெட் வாங்காத அதே ஆள் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாம்மா இது, ஆளுக்கொரு பக்கம் கதவுக்கு முத்தம் குடுக்கறீங்க?"

"கரையான் பாக்கறாங்க" என்றான் துரைசாமி சட்டென்று. அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. அமிர்தம் சிரிப்பை முந்தானையால் அடக்கினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

இரண்டாவது வீட்டுக் கதவில் பழுதில்லை. ஆனால் வீட்டுக்காரரின் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்து கீழே வைத்தபோது, சொம்பு நங்கென்று தரையில் இறங்கியது. அந்த மனிதர் திடுக்கிட்டுச் சிரித்தார். நானும் அமிர்தமும் ஒரே சமயத்தில் "வேண்டாம்" என்றோம்.

"இங்க இன்னா வாசனை?" என்றான் துரைசாமி, வெளியே வந்ததும், நிஜமாகவே தெரியாமல்.

"வாசனை இல்ல. சண்ட" என்றாள் அமிர்தம். நேராக அவனிடமே. அவன் வேலைக்குப் போக வேண்டிய நேரம். போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

மத்தியானத்துக்கு மேல் நாலு வீடு. நாலிலும் கதவு காட்டிக்கொடுத்தது. அமிர்தத்தின் அம்மா ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து, இனி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றாள். எனக்கு நெற்றிப் பொட்டில் வலி. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. அமிர்தத்தின் உதடு வறண்டு போயிருந்தது. தண்ணீர் வேண்டாம் என்றாள். மனசு போய்விட்டது என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

கடைசியாக இருப்புப்பாதைக்கு அந்தப்புறம் ஒரு ஓட்டு வீடு. பல மாசமாகப் பூட்டிக்கிடந்ததாம். சாவி கொடுத்தவர் ஏன் என்று சொல்லவில்லை. அமிர்தம் கதவுக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரம் நின்றாள். "நீங்க பாருங்கண்ணா."

கரி. வேப்பெண்ணெய். பழைய மழை. வேறு ஒன்றும் இல்லை. ஜன்னல் கட்டையைப் பார்த்தேன், பின்கதவைப் பார்த்தேன். அந்த ஆள் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. எனக்குக் கூவ வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன், அப்போது மெயில் ரயில் வந்தது.

வீடே எழுந்து ஓடப் போகிற மாதிரி குலுங்கியது. ஓடுகள் கடகடத்தன, தூசி கொட்டியது, விசில் என் ஒரு காதில் நுழைந்து மறு காதால் வெளியே வந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் குந்திவிட்டேன். ரயில் போய் ஒரு நிமிஷம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தேன்.

"வேண்டாம்மா. இதில் மனுஷன் இருக்க முடியாது. பூட்டிக்கிடந்த காரணம் இதுதான்."

அமிர்தம் நடு அறையில் நின்று, தூசி படிந்த தலையோடு, சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாண்ணா, இதுக்கா? எங்க வீட்டுத் தறி மாதிரி இருக்குது. சத்தம் இல்லாமதான் எனக்கு மேஸ்திரி வீட்டுல தூக்கமே வரல."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரி இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் காது இரும்பு. எனக்கு அதுவும் கண்ணாடி. யாருக்கு எது தாங்கும் என்று வெளியிலிருந்து ஒருவன் எப்படித் தீர்ப்புச் சொல்வது? அவள் துடைப்பம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

துரைசாமி சேதி கேட்டு, வேலை முடித்து அங்கே வந்தபோது மேற்கே மலை மேல் வெளிச்சம் கொஞ்சம் பாக்கி. தலை ஈரம். வாசலுக்கு மூன்று அடி முன்பே அவன் கால் நின்றுவிட்டது. அவன் கண் அவள் காலைப் பார்த்தது.

அமிர்தத்தின் கால் ஒரு அடி பின்னால் போனது.

அவன் முகம் வாட ஆரம்பித்தது. அவள் விடவில்லை. "அங்கயே நில்லுங்க" என்றாள் சத்தமாக. "கால் போவும். அது பாட்டுக்குப் போவும். அதப் பாக்காதீங்க, என் மூஞ்சியப் பாருங்க. போவச் சொல்றேனா? கொல்லையில தொட்டி இருக்குது. இன்னொரு வாட்டி குளிச்சிட்டு வாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. "சீயக்கா இருக்குதா?" என்றான்.

"வாங்கி வெச்சிருக்கேன்."

கொல்லையில் சொம்புச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து. "போதுமா?" என்று அங்கிருந்து குரல். "இன்னும் ரெண்டு சொம்பு!" என்று இவள். "ஆத்தத்தான் கொண்டாரணும்!" என்று அவன். எப்படியோ நடந்து வந்து சேர்ந்திருந்த அமிர்தத்தின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், சிரிப்பு தாங்காமல். அப்புறம் அவன் உள்ளே வந்தான், அவள் அடுப்பு மூட்டக் கல் தேடிக்கொண்டிருந்தாள். கல்லை அவன் எடுத்துக்கொடுத்தான். கை நீட்டி வாங்கிக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை நாட்டாண்மை கூடினார்களாம். விசாரிக்க வழக்கு இல்லாததால், ஆம்பூரில் இருப்புப்பாதை ஓரம் வீடு எடுக்கிற பைத்தியம் யார் என்று பேசிவிட்டுக் கலைந்தார்களாம். மேஸ்திரி சொன்னார். அவரே மறுநாள் ஒரு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, காது கேட்கவில்லை என்று இரண்டு நாள் எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தார்.

மிச்ச நாட்களில் அப்பா சொன்ன மாதிரி எனக்கு எதுவும் உதிர்ந்துவிடவில்லை. தோல் ஷாப்புக்கு முன்னால் போகும்போது வயிறு புரளத்தான் செய்தது. ஆனால் நேராகச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன்; "சார் மூக்குக்கு ஆவாது, நாற்காலிய அந்தாண்ட போடு" என்று ஆட்களே போட்டார்கள். சுருட்டை நிறுத்திவிட்டேன். பெட்டியில் மூன்று கட்டு மீதி இருந்தது. பஸ்ஸில் இறங்காத அந்தக் கிழவர்களைக் கடைத்தெருவில் பார்த்தேன், கொடுத்துவிட்டேன். காலர் இல்லாத சட்டை இரண்டு ஆம்பூரிலேயே தைத்துக்கொண்டேன். புறக்கோட்டையில் அதைப் போட்டுக்கொண்டுதான் கடையில் உட்காரப் போகிறேன்.

கிளம்புகிற நாளில் ரயில் ஸ்டேஷனை விட்டு நகர்ந்ததும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். அந்த ஓட்டு வீடு வந்தது. வாசலில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். துரைசாமியின் தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அமிர்தம் இரண்டு கையாலும் தன் காதைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடி, நான் அன்று மூலையில் குந்தின மாதிரியே குந்திக் காட்டினாள். என்ஜின் விசில் அடித்தது. இங்கே நான் நிஜமாகவே காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு கையை எடுத்து, மூக்கைப் பிடித்துக் காட்டினேன். துரைசாமி சிரித்தது ரயில் சத்தத்தில் கேட்கவில்லை. தெரிந்தது.